கேள்விக்கு ஒரு மைக்

தலைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே கூட்டம் போட்டாலும் ஜனங்களுக்குள் ஒரு கம்பியில்லா மைக்கைச் சுற்ற விடுவார். "யார் வேணும்னாலும் என்னைக் கேள்வி கேக்கலாம், அதுதான் ஜனநாயகம்" என்பார். கேட்பவர்கள் எல்லாம் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் ஆட்கள். ஒன்பது வருடமாக அவருக்கு மைக்செட் கட்டும் எனக்குக் கேள்வியும் மனப்பாடம், பதிலும் மனப்பாடம். வயிற்றுப்பாட்டுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் எங்கள் ஊரில் நடந்த கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த தொண்டன் ஒருவன், தலைவர் சொல்வதை நிஜம் என்று நம்பி, கை தூக்கியவரிடம் மைக்கை நீட்டிவிட்டான். கை தூக்கியவர் என் தங்கை புருஷன்.

மாப்பிள்ளை நூல் மில்லில் ஃபிட்டர். போன மாதம் அவர்களுடைய சங்க ஆபீசை வெளியே பூட்டிவிட்டுத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்த மூன்று பேரும் கரிக்கட்டையாகத்தான் வெளியே வந்தார்கள். யார் வைத்த தீ என்று ஊருக்கே தெரியும், சொல்லத்தான் ஆள் இல்லை. மாப்பிள்ளை தங்கமான மனுஷன். நாக்கு மட்டும் அவர் பேச்சைக் கேட்காது.

"ஐயா, நாடு ஒத்துமையா இருக்கணும், சமாதானம் வேணும்னு சொல்றீங்க. சந்தோஷம். எங்க ஆபீசைக் கொளுத்தினவர் உங்க பக்கத்துல ரெண்டாவது நாற்காலியில உக்காந்திருக்காரே, அவரையும் சேத்துத்தான் சொல்றீங்களா?"

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

"பாத்தீங்களா, இந்தத் தைரியத்தைக் குடுத்ததுதான் ஜனநாயகம். தம்பியை மேடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போங்க. நானே வந்து உக்காந்து பேசுறேன்."

கைதட்டினார்கள். நாலு பேர் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மேடைக்குப் பக்கவாட்டில் என் மேசை, அதன்மேல் மைக்குக்கு ஒன்றாகத் தள்ளு பட்டன் வைத்த மிக்சர்; மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இறக்கினால் அடங்கும். காதில் ஹெட்போன். மாப்பிள்ளை மைக்கை அணைக்காமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தார். முதல் அடி என் காதில் விழுந்ததுமே என் விரல் அந்த மைக்கின் பட்டனைக் கீழே இறக்கிவிட்டது. நான் இறக்கவில்லை, விரல் இறக்கியது. வேண்டாத சத்தம் வந்தால் யோசிக்காமல் குறைப்பது இந்தத் தொழிலில் ஊறிய புத்தி. அந்த முதல் அடியும் கைதட்டலில் அமுங்கிப்போனதால், வெளியே யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பட்டனை இறக்கினாலும் ஹெட்போனில் வருவது நிற்காது, எனக்கு மட்டும் எல்லாம் கேட்டது.

"வாயிலயே போடு. வாய்தானே பேசுச்சு."

கட்டை இறங்கியது. பல் நொறுங்கியது. மாப்பிள்ளை ரத்தத்தை விழுங்கி இருமினார். மறுபடி கட்டை. எலும்பு முறியும் சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மேடையில் தலைவர், "நாம எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க" என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், மைக் ஆன்லதான் இருக்கு. ஏத்தி விடுங்க."

ஒரு விரல் வேலை. ஆனால் எனக்குப் பின்னால் தொண்டர் படைக்காரன் இரும்புக் குழாயோடு நின்றான். உயிர் யாருக்கும் வெல்லம்தான். பெண்கள் வரிசையில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள், இது அவள் காதில் விழ வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணமா பஞ்சம்?

"மச்சான்" என்றார் மறுபடி. அதற்குப் பிறகு அந்த வார்த்தைகூட முழுதாக வரவில்லை. மேசைமேல் இருந்த கடிகாரத்தில் நாலு நிமிடம் போயிருந்தது.

பட்டனை உச்சி வரை தள்ளினேன். பதினாறு ஸ்பீக்கரிலும் கட்டை அடி இடியாக விழுந்தது. தலைவர் திறந்த வாயோடு நின்றார். ஆனால் ஜனங்களுக்குக் கேட்டது மாப்பிள்ளையின் குரல் இல்லை.

"அண்ணே, மூச்சு நின்னுடுச்சு போல."

"எதுக்கும் இன்னும் ரெண்டு போடு."

கூட்டம் மேடைமேல் பாய்ந்தது. ரெண்டாவது நாற்காலிக்காரனைக் காலைப் பிடித்துக் கீழே இழுத்து, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியாலேயே அடித்துக் கொன்றார்கள். தலைவரின் கார் ஏழு பேர்மேல் ஏறித் தப்பியது. இரும்புக் குழாய் என் வலது கையிலும் தாடையிலும் இறங்கியது.

மூன்றாம் நாள் தங்கை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் எனக்குப் பேச்சு இல்லை. வார்டே என்னை வீரன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீ ஏத்தினப்புறம்தான் எனக்குக் கேட்டுச்சுண்ணா. உனக்கு அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரமாக் கேட்டுச்சு?"

அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. இடது கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினேன்.

"நாலு செகண்டா?"

இல்லை என்று தலையசைத்தேன்.