எரித்துப் பார்க்காத துணி

நாகஜோதி பேஷனும் டெக்ஸ்டைலும் படிக்கப் போகிறாள் என்றதும் ஊரே சிரித்தது. தைக்கப் பழக எதுக்குக் காலேஜு, சாத்தூர் இருளாண்டி டெய்லரிடம் விட்டால் போதாதா என்று கேட்காத ஆளில்லை. அவள் அம்மா முத்துப்பேச்சிதான் எல்லாருக்கும் பதில் சொன்னாள். "எம் மக தைக்கப் போகல. துணியப் பத்திப் படிக்கப் போறா." அதற்கு மேல் கேட்டால் அவளுக்கும் தெரியாது.

கோயம்புத்தூரில் படித்து முடித்தாள். கடைசி வருஷம், அவள் தைத்த வெள்ளைக் கைத்தறி அங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் மேடையில் நடந்தாள். கைதட்டலும் கிடைத்தது. அதோடு சரி. திருப்பூரில் ஏறி இறங்கிய கம்பெனியிலெல்லாம் ஒரே கேள்வி: அனுபவம் இருக்கிறதா? வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும் என்று திருப்பிக் கேட்கவா முடியும்? அங்கியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள்.

முத்துப்பேச்சி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவள். அங்கே ஆய்வுக்கு வந்த அதிகாரி, பெண்கள் சேலைக்கு மேல் பருத்திக் கோட்டு போட்டுத்தான் வேலை பார்க்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பாலியஸ்டர் உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கும். மருந்துக்கு அது போதும். போர்மேன் முனியராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது முத்துப்பேச்சி முந்திக்கொண்டாள். "அண்ணாச்சி, எம் மக இதுக்குத்தான படிச்சிருக்கா!"

நாகஜோதிக்குக் கிடைத்த முதல் ஆர்டர் அது. முடித்துக் கொடுத்தால் அனுபவச் சான்று எழுதித் தருவதாக முனியராஜ் சொன்னார். அவளும் மேடைக்குத் தைப்பதைவிட அக்கறையாகத்தான் யோசித்தாள். கோட்டில் பை கிடையாது. பித்தளைப் பொத்தான் கிடையாது. கழுத்தில் துணிக் கயிறு, ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும் முடிச்சு. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே அளவெடுத்தாள். தங்களுக்கென்று ஒருத்தி டேப்பைப் பிடித்து நிற்பதில் அந்தப் பெண்களுக்கு ஒரே கூச்சம், ஒரே சிரிப்பு.

துணியை முனியராஜே விருதுநகரில் தெரிந்த வியாபாரியிடம் சொல்லியிருந்தார். முதலில் காட்டிய மாதிரித் துண்டு சுத்தப் பருத்தி. நாகஜோதியே ஒரு நூலை எரித்துப் பார்த்தாள்; உருகாமல் சாம்பலானது. பிறகு வந்திறங்கிய துணிச் சுருளையும் எரித்துப் பார்க்கணும் என்பது முதல் வருஷப் பாடம். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீப்பெட்டியையும் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து அம்மா உள்ளே வந்தாள். வேலைக்குப் போனவள் குளித்து, மருந்து படிந்த சேலையை வாளித் தண்ணீரில் முக்கும்வரை அந்தப் பக்கத்து வீடுகளில் யாரும் தீக்குச்சி உரசுவதில்லை. நாகஜோதி தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

அம்மா குளித்து வருவதற்குள் வாசலில், கோட்டுகளை வெட்டித் தைத்துத் தர ஒத்துக்கொண்டிருந்த இருளாண்டி டெய்லரின் ஆட்டோ. "தீவாளிச் சீசன் தாயி, இப்பவே வெட்டுனாத்தான் ஆச்சு" என்று பறந்தார். சுருள் போய்விட்டது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் அளவும் கயிறுமாகப் பொழுது ஓடியதில் நினைப்பே வரவில்லை. பாவி மகள், நாலு வருஷம் படித்த படிப்பு ஒரு தீக்குச்சி உரச மறந்தது.

கோட்டு வந்ததும் கம்பெனியில் திருவிழாதான். அதிகாரி பாராட்டினார். முத்துப்பேச்சி வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் "எம் மக தச்சது" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

மிச்சத் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. நாகஜோதி அதைச் சட்டி இறக்கும் பிடிதுணியாக எடுத்தாள். ஓரம் அடுப்பில் பட்டது. பருத்தியென்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, சொட்டி, அவள் விரலில் ஒட்டியது. உதறினாலும் போகவில்லை. விரலில் கறுப்பாக இறுகிய அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலி அப்புறம்தான் வந்தது.

முனியராஜிடம் ஓடினாள்.

"கலப்படத் துணி அண்ணாச்சி. கோட்ட எல்லாம் திரும்ப வாங்குங்க. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்."

அவர் அவளைத் தனியாகக் கூட்டிப்போனார். "மெதுவாப் பேசு தாயி. வேற தைக்க இப்ப எங்கன நேரம்? தீவாளி முடியட்டும், மாத்திருவோம். கோட்டு இல்லாம ஆளக் கேட்டுக்குள்ள விடப்படாதுன்னு ஆர்டரு. வெளிய சொன்னா கம்பெனிக்குப் பூட்டுத்தான். அம்புட்டுப் பேரும் உங்க வாசல்லதான் வந்து நிப்பாக."

மறுநாள் விடிந்ததும் வேன் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பெண்களிடமே சொன்னாள். துணியைக் கொளுத்திக் காட்டினாள். அழாத குறையாகக் கெஞ்சினாள். அவர்கள் கேட்டார்கள், கேட்டுவிட்டுக் கோட்டுக் கயிற்றைச் சரிசெய்துகொண்டார்கள். "முன்னாடியும் இந்தப் பாலியஸ்டர் சேலைதான கட்டிட்டுப் போனோம்? சீசன்ல கம்பெனியப் பூட்டிப்புட்டா சோத்துக்கு எங்கன போறது? போன்கீன் போட்டு வச்சுராத தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. போனில் அந்த அதிகாரியின் நம்பர் இருந்தது. எத்தனையோ தடவை எடுத்தாள், வைத்தாள். அழுத்தினாலும் பாவம், அழுத்தாவிட்டாலும் பாவம்.

அவளால் ஆனது ஒன்றுதான். பெட்டியைத் திறந்து அந்த வெள்ளைக் கைத்தறி அங்கியை எடுத்தாள். மேடை ஏறிய அங்கி. அதன் ஒவ்வொரு நூலும் அவளுக்குத் தெரியும். கத்தரியை வைத்தாள். ஒரே ஒரு கோட்டுக்குத்தான் துணி காணும். அம்மாவின் அளவுக்குத் தைத்தாள்.

காலையில் முத்துப்பேச்சி மறுபேச்சில்லாமல் அதைப் போட்டுக்கொண்டாள். மடிப்பைத் தடவிப் பார்த்தாள். நாகஜோதிக்கு அன்றுதான் மூச்சு வந்தது. வேன் வரை கூடப் போனாள்.

வேனுக்குப் பக்கத்தில் பாண்டிமீனா நின்றாள். அம்மாவோடு ஒரே அறையில் மருந்து செலுத்துகிறவள். பிள்ளை பெற்று அன்றுதான் வேலைக்குத் திரும்புகிறாள்; துணியைக் கொளுத்திக் காட்டியபோது அவள் இல்லை, முனியராஜ் கொடுத்தனுப்பிய கோட்டை மாட்டியிருந்தாள். முத்துப்பேச்சி அவளைப் பார்த்தாள். கழுத்துக் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்து, கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டு, அவளுடையதை வாங்கித் தான் மாட்டிக்கொண்டாள்.

"யம்மா!" என்று கத்தினாள் நாகஜோதி. "ஒனக்குத்தான தச்சேன்!"

"அவ பிள்ள இன்னும் பால்குடி மறக்கலத்தா" என்றாள் முத்துப்பேச்சி. "எம் பிள்ளதான் படிச்சு ஆளாயிட்டாளே."

பாண்டிமீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புதுக் கோட்டு நல்லாயிருக்கு என்று சிரித்தாள். வேன் கிளம்பியது. பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிய நாகஜோதி நின்றுவிட்டாள். ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. யாரிடமோ, எப்போதும் போல, "எம் மக தச்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.