துணைவரின் சம்மதம்

"நாலே வருசம், செரீ. நான் முடிச்சிட்டு வந்துடறேன். அப்புறம் நீ போ."

"ரெண்டு பேரும் ஒண்ணா போனா என்னாங்க?"

"பாப்பாவத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டல்ல இருக்க முடியுமா? நீயே சொல்லு லா."

"அப்போ எனக்கு எப்போ?"

"அடுத்தது நீதான். சத்தியமா."

"பாஸ்டர் ஆகப் போறவரு சத்தியம் பண்ணலாமா?"

சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்தில் ஏழு வருடங்களுக்கு முன்பு செரீனாவும் ஏசுதாசனும் இப்படிப் பேசிச் சிரித்தார்கள். அன்று அவன் இறையியல் இளங்கலை படிக்கத் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினான். பத்து மாதக் கேதரின் அப்பாவுக்குக் கையசைக்கத் தெரியாமல் செரீனாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அழைப்பு முதலில் வந்தது செரீனாவுக்குத்தான். அலோர் ஸ்டாரில் நடந்த வாலிபர் முகாமில், முழுநேர ஊழியத்துக்கு வர விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். எழுந்த முதல் ஆள் அவள். இரண்டு வரிசை பின்னால் இருந்த ஏசுதாசன், அவளைப் பார்த்துவிட்டுத்தான் தானும் எழுந்ததாகக் கல்யாணமான புதிதில் அவள் காதோரம் சொல்லியிருக்கிறான். இப்போது, தான் போதகராக இருக்கும் செர்டாங் சபையில் சாட்சி சொல்லும்போது, "நான் எழுந்து நின்னேன். திரும்பிப் பாத்தா என் மனைவியும் நிக்கிறாங்க" என்கிறான். சபை சிரிக்கும். செரீனாவும் சிரித்து வைப்பாள்.

கல்லூரி விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில், திருமணமானவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. துணைவரின் சம்மதம் என்று தலைப்புப் போட்டு, கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். ஏசுதாசனின் விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துப் போட்டது கோலா கெத்தில் ஊர்ச் சந்தையான பாசாரில். மீன் வாங்கிய ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் தாளை வைத்துப் போட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் முதல் பருவத்திலேயே கிரேக்க மொழிப் பாடத்தில் தோற்றான். செரீனா கிரேக்கச் சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவுகளில் ஒட்டினாள். குலிம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே போனில் அவனைக் கேள்வி கேட்டாள். அவன் தடுக்கித் தடுக்கித் தேறினான். அவளுக்கோ அந்தச் சொற்கள் சோறு வடிக்கும்போதுகூட வாயில் வந்தன. இரண்டாம் வருடத்திலிருந்து கட்டுரைகள். முதலில் அவன் சொல்ல, அவள் டைப் செய்தாள். பிறகு அவன் சொன்னதைத் திருத்தினாள். அதற்குப் பிறகு அவன் தலைப்பை மட்டும் சொன்னான்.

ஒரு துருத்தித் தண்ணீரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட வேதாகமத்து அடிமைப்பெண் ஆகாரைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையின் ஓரத்தில், 'இதை எழுதியவருக்கு வேதத்தைக் கேட்கும் காது இருக்கிறது' என்று பேராசிரியர் எழுதியிருந்தார். ஏசுதாசன் அன்றே போன் செய்தான்.

"பாத்தியா செரீ, எனக்குக் காது இருக்காம்!"

அவன் கெட்டவன் இல்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளுக்குப் பிடித்த நாசி லெமாக் சோற்றைத் தாப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டு வருவான். அவள் கால் வீங்கினால் எண்ணெய் போட்டு நீவிவிடுவான். பட்டம் வாங்கிய அன்று அங்கியைக் கழற்றி அவளுக்குப் போட்டுப் படம் எடுத்தான். அந்தப் படத்தைப் பார்த்தாவது அவனுக்கு ஞாபகம் வரும் என்று அவள் நினைத்தாள். வரவில்லை. பிறகு இரண்டு வருடப் பயிற்சி ஊழியம். போதகரின் மனைவி கூடவே இருக்க வேண்டும் என்றார்கள். போன டிசம்பரில் அவன் குருத்துவம் பெற்றான். ஒவ்வொரு முறையும் அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். தன் வாக்கை அவன் தானாக நினைக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் போனதுதான் கடைசி மூன்று வருடங்கள்.

முப்பத்தைந்து முடிந்தவர்களைக் கல்லூரி புதிதாகச் சேர்ப்பதில்லை. வரும் ஆகஸ்டில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. இந்தச் சேர்க்கையை விட்டால் இல்லை. விண்ணப்பம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் நிரப்பித் துணி அலமாரியில் வைத்துவிட்டாள். இரண்டாம் பக்கத்தில் கணவனின் சம்மதம் வேண்டும். மூன்றாம் பக்கத்தில் சபைப் போதகரின் சிபாரிசு வேண்டும். அவளுக்கு இரண்டும் ஒரே ஆள்.

சனிக்கிழமை மதியம் அவள் ஏசுதாசனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் பிரேமாவதி அக்கா மரவள்ளிக்கிழங்குப் பையோடு உள்ளே வந்தார்.

"பாஸ்டரம்மா, போன வாரம் பாஸ்டர் ஆகாரப் பத்திப் பேசினாரே, நான் அழுதுட்டேன் லா. நீங்க என்னான்னா முன்னாடி உக்காந்துக்கிட்டு கண்ண மூடிக்கிட்டீங்க! தூக்கமா?"

"ஜெபம் பண்ணேன்க்கா."

"ஆமா ஆமா. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், கொறட்டை விட்டு ஜெபம் பண்ணுவாரு."

அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார். செரீனா கண்ணை மூடியிருந்தது, தான் எழுதியதில் அவன் எதை விடுகிறான் என்று கேட்பதற்காக. ஆகார் கடவுளுக்குத் தானே ஒரு பேர் வைத்தாள் என்ற பகுதியை விட்டுவிட்டான். அதற்காகத்தான் அவள் அந்தப் பிரசங்கத்தையே எழுதியிருந்தாள்.

"செரீ, சட்டைய அப்புறம் பாத்துக்கலாம். லேப்டாப்ப எடு," என்றபடி ஏசுதாசன் வந்து உட்கார்ந்தான். "நம்ம திவாகரன் தியாலஜி படிக்கப் போறான். சிபாரிசு எழுதணும். நான் சொல்றேன், நீ கொஞ்சம் அழகாப் போடு."

திவாகரன் சபையில் கித்தார் வாசிக்கிற பையன். இருபத்து நான்கு வயது. செரீனா இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு வந்து, படிவத்தில் இருந்த கேள்வியை வாசித்தாள்.

"விண்ணப்பதாரரின் அழைப்பு எவ்வாறு சோதிக்கப்பட்டது?"

ஏசுதாசன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "தம்பி திவாகரன் இரண்டு ஆண்டுகள் முறுமுறுக்காமல் காத்திருந்தார்."

அவள் விரல்கள் நின்றன.

"ரெண்டு வருசமா?"

"ஏன், கம்மியா? இந்தக் காலத்துப் பசங்க ரெண்டு வாரம் காத்திருக்க மாட்டானுங்க."

"ஏழு வருசம் காத்திருந்தா?"

"யாரு, பைபிள்ல பொண்ணுக்காகக் காத்திருந்த யாக்கோபா?" அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"யாக்கோபுக்கு ஏழு வருசம் கழிச்சு என்னா கெடச்சுச்சு?"

"தங்கச்சியக் கேட்டா அக்கா லேயாளக் குடுத்து ஏமாத்திட்டாங்க. அப்புறம் இன்னொரு ஏழு வருசம். என்னா செரீ, எனக்கு மறுபடியும் எக்ஸாமா? எழுது எழுது."

அவள் எழுதினாள். முறுமுறுக்காமல் என்பதை எடுத்துவிட்டுப் பொறுமையோடு என்று போட்டாள். அச்சடித்துக் கொடுத்ததும் அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டுச் சபை முத்திரையைக் குத்தினான்.

"நீ இல்லாட்டி நான் ஒண்ணுமே இல்ல செரீ."

பிரசங்க மேடையிலும் அவன் இதைச் சொல்வதுண்டு. அவள் எழுந்து உள்ளே போனாள். துணி அலமாரியிலிருந்து தன் விண்ணப்பத்தை எடுத்து வந்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னொரு பையனோடதா? யாரு, சுகுமாரனா? எங்க போடணும்?"

பேனா முனை கோட்டைத் தொட்டுவிட்டது. அவள் நீட்டிய எதையும் அவன் படித்துப் பார்த்ததில்லை. இப்போது சும்மா இருந்தால் போதும், இரண்டு பக்கத்திலும் கையெழுத்து விழுந்துவிடும். திங்கட்கிழமை அஞ்சலில் சேர்த்துவிடலாம். ஒரு மூச்சு நேரம் அவள் அப்படித்தான் நின்றாள். பிறகு கோட்டின்மேல் கையை வைத்து மறைத்தாள். பேனா அவள் புறங்கையில் சின்னதாக ஒரு கீறு போட்டது.

"படிச்சிட்டுப் போடுங்க."

"நீ வெச்சா சரியாத்தான் இருக்கும் லா."

"படிங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை நிமிர வைத்தது. முதல் பக்கத்தைத் திருப்பினான். பெயரைப் படித்தான். பிறந்த தேதியைப் படித்தான். மறுபடி பெயருக்குப் போனான். அவன் முகத்தில் முதலில் வந்தது வெட்கம். செரீனா அதைப் பார்த்தாள். அடுத்ததாக வந்தது கணக்கு.

"செரீ... இப்போ எப்படி? ஞாயிறு பள்ளிய யாரு பாத்துக்குவா? கேதரினுக்கு எட்டு வயசுகூட ஆகல. சபையில என்னா பேசுவாங்க? பாஸ்டரம்மா சபைய விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு..." கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டான். "பிரசங்கம்?"

அவனே அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டுத் தலை குனிந்துகொண்டான்.

செரீனா நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இதைச் சொல்லும்போது அழக்கூடாது என்று எத்தனையோ முறை பாத்திரம் கழுவும் தொட்டிமுன் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அழுகை வரவில்லை.

"அதுக்கெல்லாம் அப்புறம் பதில் சொல்றேங்க. ரெண்டு எடத்துல சைன் வேணும். ஒண்ணு புருசனா, ஒண்ணு பாஸ்டரா. ரெண்டு பேருகிட்டயும்தான் கேக்கறேன். நான் தியாலஜி படிக்கணும். என்னை அனுப்புங்க."