ஐந்தாம் மாடிக்காரன்

மனைவி பர்வினை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜான் பாஷாவுக்கு, மகள் ஜோயாவின் போனிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டொக், டொக், டிஷ். முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்காத சத்தம்.

"இன்னாடி அது?"

"நேத்து சொன்னீங்கல்லத்தா, உங்க கராத்தே கேமு. நெட்ல கிடைச்சுது. செம மொக்கை. மூணாவது மாடிக்கு வந்துட்டேன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பித்தப்பைக் கல்லுக்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் மூன்று முறை சொல்லியிருந்தார். மூன்று முறை சொன்னதால்தான் வீட்டில் யாரும் தூங்கவில்லை. பிள்ளையின் டென்ஷனைக் குறைக்கிறேன் என்று ஜான் பாஷா பழங்கதையை எடுத்தார். குவைத் மாமா கொண்டுவந்த கம்ப்யூட்டர், பட்டனெல்லாம் அரபி எழுத்து. கேம் இருந்தது பாட்டு கேசட் மாதிரி ஒரு கேசட்டில். டேப் ரெக்கார்டரில் போட்டால், தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஆறு நிமிஷம் கத்தும். அந்த ஆறு நிமிஷமும் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது, தும்மக் கூடாது. தும்மினால் முதலிலிருந்து. அப்புறம் கருப்பு வெள்ளை டிவியில் வெள்ளை உடுப்புக்காரன் ஒருவன் குதிப்பான். அவனுக்கு ஐந்து மாடி ஏற வேண்டும். அண்ணன் உசைரும் ஜான் பாஷாவும் ராஜகிரிக் கோட்டையில் ஏறியதைவிட அதில் ஏறியதுதான் அதிகம். ஒரே ஒரு பட்டன்மேல் மட்டும் அவர்களுடைய அத்தா பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். அதை அழுத்தினால் வெள்ளை உடுப்புக்காரன் எதிரிக்குக் குனிந்துவிடுவான். மனுஷன் அல்லாவுக்கு மட்டும்தான் குனிய வேண்டும், அது டிவிக்குள்ளே இருந்தாலும் சரி என்பது அத்தாவின் தீர்ப்பு.

இவ்வளவும் சொன்னவர், ஐந்தாம் மாடியை மட்டும் சொல்லாமல் விட்டார்.

அங்கே ஒருவன் நிற்பான். கறுப்பு உடுப்பு. முகம் கிடையாது. அசைய மாட்டான். கிட்டே போனால் ஒரே அடி. முதல்முறை தோற்ற மறுநாள், அத்தா சிங்கவரம் ரோட்டில் சைக்கிளோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இரண்டாம்முறை அவன் எதிரே நின்றபோதே கரண்ட் போனது. இது தோல்வியில் சேராது என்றான் தம்பி. சேரும் என்றான் அண்ணன். அந்த வாரமே தம்பிக்கு மஞ்சள்காமாலை வந்து, அண்ணன் சொன்னது சரியாகிவிட்டது. மூன்றாம்முறை பட்டனைத் தட்டியது உசைர். பதினோராம் நாள் அம்மா காய்ச்சலில் கண்ணை மூடி மவுத்தாகிவிட்டாள்.

கேசட் பிஸ்கட் டின்னுக்குள் போனது, டின் பரணுக்குப் போனது. அண்ணனும் தம்பியும் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"நாலாவது மாடி, அத்தா. ஈசி."

நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தார். கரண்ட் போனதையே தோல்வியில் சேர்த்துக்கொண்டவன், நடுவில் நிறுத்தினால் விடுவானா? படித்தவர்கள் இதையெல்லாம் நம்ப மாட்டார்கள். ஜான் பாஷாவும் பி.காம்.தான். தியேட்டர் கதவுக்கு எதிரே பி.காம். வேலை செய்யவில்லை.

"சார்ஜ் எவ்ளோ இருக்குது?"

"நாலு பர்சண்ட்."

எழுந்தார். அடுத்த பெஞ்சில், புருஷனின் குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்திருந்த இருதயமேரி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, சார்ஜர் இருக்குதா? அவசரம்."

"இருக்குது தம்பி." பையைத் துழாவியபடியே பதறினாள். "இன்னா, ரத்தம் கேட்டு போன் பண்ணணுமா?"

"இல்லக்கா. கேமு."

இருதயமேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொண்டாட்டி உள்ள, இவருக்குக் கேமு," என்று சுவரிடம் சொன்னாள். சார்ஜரை என்னவோ கொடுத்துவிட்டாள். அதன் முனை ஜோயாவின் போனில் நுழையவில்லை.

"ரெண்டு பர்சண்ட். ஐயோ, இவன் யாருத்தா? மூஞ்சே இல்ல!"

அவனேதான். ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஜான் பாஷாவுக்கு முப்பத்தெட்டு வயசு ஏறியிருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தியேட்டருக்குள் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

"கிட்ட போவாதே. அடிச்சிருவான்."

"நீங்க எப்டி ஜெயிச்சீங்க?"

"ஜெயிக்கலடி." முதல்முறையாக ஒருத்தரிடம் சொன்னார். "ஒரு தடவகூட."

"அந்த பிளாஸ்திரி பட்டன அமுக்கிப் பாக்கட்டா?"

"ஜோயா, வாணாம்…"

அமுக்கிவிட்டாள்.

"குனியலியே! பாருங்கத்தா, நெஞ்சுல கை வச்சு சலாம் சொல்றான்."

கலர் திரையில் கை தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காலத்துக் கருப்பு வெள்ளை டிவியில் வெள்ளை உடுப்பில் வெள்ளைக் கை எங்கே தெரியும்? தலை லேசாகச் சாய்ந்தது மட்டும்தான் தெரியும். முகமில்லாதவன் முதல்முறையாக அசைந்தான். தன் கையையும் நெஞ்சில் வைத்தான். ஓர் எட்டு ஒதுங்கினான். அவன் பின்னால் ஒரு கதவு.

திரை அணைந்தது.

"போச்சு. சார்ஜ் காலி," என்றாள் ஜோயா.

இது ஜெயித்ததில் சேருமா, தோற்றதில் சேருமா? கேட்கலாம் என்றால் உசைர் சென்னையில் இருக்கிறான். அதற்குள் தியேட்டர் கதவு திறந்தது.

"பர்வின் கூட வந்தவங்க யாரு?"

ஜான் பாஷா எழுந்தார். நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். உள்ளே பச்சை பச்சையாகக் கற்கள்.

"இதான் கல்லு. பாத்துக்குங்க. அவங்க நல்லா இருக்காங்க. ஒரு மணி நேரத்துல கண்ணு முழிச்சிருவாங்க."

"கேமு முடிஞ்சுதா தம்பி?" என்றாள் இருதயமேரி.

அவர் தன் பட்டன் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார்.

"ண்ணே, பர்வினு நல்லாருக்குது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் உசைர்.

"ண்ணே… அந்த அஞ்சாம் மாடிக்காரன். அத்தா பிளாஸ்திரி ஒட்டுனாரே, அது சலாம்ணே. சலாம் சொன்னா வழி விட்டுடறான்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை, கேசட் ஓடும்போது இருந்த வீடு மாதிரி.

"அப்ப அம்மா…" என்றான் உசைர். ஐம்பத்திரண்டு வயது ஆளின் குரல் பதினாலு வயதுக்குப் போயிருந்தது. "நான்தானடா பட்டன…"

"அவன் யாரையும் ஒண்ணும் பண்ணலண்ணே. சலாமுக்குக் காத்துக்கினு நின்னிருக்கான், அவ்ளோதான். அம்மாக்கு வந்தது காய்ச்சல். வெறும் காய்ச்சல்."

மறுமுனையில் யாரோ தும்மியது போல ஒரு சத்தம். உசைர் அழுதால் அப்படித்தான் இருக்கும்.