மஞ்சளாகாத புள்ளி

வீட்டு விளக்கு, கதவு மணி, பேசும் ஸ்பீக்கர், எடை பார்க்கும் தட்டு என்று எல்லாவற்றையும் போனோடு கட்டிப்போட்டு விற்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. வாங்கியவர்கள் அனுப்பும் புகார்களுக்கு வீட்டில் உட்கார்ந்தபடி பதில் தட்ட வேண்டும். "படுக்கையறை விளக்கை அணைக்க முடியவில்லை, பாஸ்வேர்டு கேட்கிறது" என்று ஒருவர் எழுதுவார். விளக்குக்கு எதற்கய்யா பாஸ்வேர்டு என்று நானும் அவரோடு சேர்ந்து கத்தத்தான் நினைப்பேன். ஆனால், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். விளக்கு தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து காத்திருக்கவும்" என்று தட்டுவேன். அவர் அந்த வெளிச்சத்தில் கொட்டக் கொட்ட விழித்தபடி காத்திருப்பார்.

இந்த வேலைக்கு வந்த பிறகு எந்தப் பொருளையும் நான் நம்புவதில்லை. எங்கள் வீட்டில் சுவிட்சைப் போட்டால் எரிகிற பல்பு இருக்கிறது, அமுக்கினால் கத்துகிற மணி இருக்கிறது. இரண்டுக்கும் என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவற்றிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

கம்பெனி கொடுத்த லேப்டாப் அப்படியில்லை. அதற்குள் ஒரு மென்பொருளை வைத்து, அதற்குத் 'தோழன்' என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். தோழன் என்றால் திரையின் மூலையில் ஒரு புள்ளி. கை அசைந்தால் பச்சை, கை சும்மா இருந்தால் மஞ்சள். கழிப்பறைக்குப் போனால் மஞ்சள். ஒருவருக்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசித்தாலும் மஞ்சள். யோசிக்காமல் மவுஸைச் சும்மா தேய்த்தால் பச்சை! வாரக் கடைசியில் இதையெல்லாம் படமாக வரைந்து டீம் லீடுக்கு அனுப்பிவிடும். சாப்பாட்டு நேரம் கணக்கில் சேராது என்று விதியில் இருந்தது. படம் வரைகிற தோழன் அந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

இது போதாதென்று மேலே ஒரு கேமரா. காலை மீட்டிங்குக்கு அதைத் திறந்துதான் ஆக வேண்டும். மீட்டிங் முடிந்ததும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரித் துண்டு ஒன்றை அதன்மேல் ஒட்டிவிடுவேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அதுக்கு என்னடி அடிபட்டுச்சு?" என்றாள்.

"அது என்னைப் பாக்குதும்மா."

"பாத்தா பாத்துட்டுப் போகுது. நீ என்ன திருடவா செய்யற?"

அம்மா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். விடிவதற்கு முன் ஒரு ஷிப்ட், சாயங்காலம் ஒரு ஷிப்ட். நடுவில் வீடு. அவள் தரை துடைத்துத்தான் நான் பட்டம் வாங்கினேன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அதற்கு முன் பட்டம் வாங்கியவர்கள் கிடையாது. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனவுடன் அம்மா காலை ஷிப்டை விட்டுவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அவள் முட்டி இரண்டும் படியேறும்போது கதவுக் கீல் மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தன.

அப்போதுதான் அந்த மெயில் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் என் மவுஸ் தினமும் அசைகிறதாம், ஆனால் ஒரு எழுத்துகூடத் தட்டப்படவில்லையாம். 'இயல்புக்கு மாறான அசைவு.' நாளை மறுநாள் விளக்கம் தர வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் நான் வீட்டுக்குள்ளேயே இருப்பதில்லை. லேப்டாப்பின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்காது என்று தட்டை எடுத்துக்கொண்டு வெளியே மாடிப்படிக்குப் போய்விடுவேன்.

முதலில் 'சார்ஜர்' மேல்தான் சந்தேகம் வந்தது. என் டீம்தான் அவன். எங்கே போனாலும் அடுத்தவர் சார்ஜரைக் கேட்பதால் அந்தப் பெயர். போன் போட்டேன்.

"டேய், என்னைப் பத்தி மேல ஏதாவது போட்டுக் குடுத்தியா?"

"அம்மா தாயே, நானே என் மவுஸை டேபிள் ஃபேன் கழுத்துல கட்டிவிட்டுட்டுத்தான் தூங்கறேன். அது பாட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டு இருக்கும். நான் போய் உன்னைப் போட்டுக் குடுப்பேனா?"

"உன்னைப் பிடிக்கல, என்னை எப்படிப் பிடிச்சாங்க?"

"நான் சாப்பாட்டு நேரத்துல ஃபேனை நிறுத்திடுவேன். ஃபேனுக்கும் ஓய்வு வேணாமா?" என்று சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆமா, இதை எல்லாம் எதுக்கு என்னைப் பேச வைக்கற? ரெக்கார்ட் பண்றியா?" என்றான்.

"போடா லூசு" என்று வைத்துவிட்டேன். ஆனால் அவன் ரெக்கார்ட் செய்கிறானோ என்று எனக்கும் தோன்றாமல் இல்லை.

மறுநாள் ஒரு பொறி வைத்தேன். சாப்பிடப் போகும்போது மவுஸின் மேல் ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து, அதன் முனையில் ரப்பரை நிறுத்திவிட்டுப் போனேன். யார் தொட்டாலும் இரண்டும் விழ வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் பென்சில் குறுக்காகவே இருக்கிறது, ரப்பர் முனையிலேயே நிற்கிறது. கேமராவின் மேல் பிளாஸ்திரியும் இருக்கிறது. ஆனால் மூலையில் புள்ளி பச்சைப்பசேலென்று சிரிக்கிறது.

"அம்மா, இந்தப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா? நான் தூசி தட்டிட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

அப்படியானால் கை படவில்லை. வெளியிலிருந்து எவனோ உள்ளே புகுந்து ஆட்டுகிறான். இல்லையென்றால் நிரந்தரமாக்காமல் துரத்துவதற்குத் தோழனே கதை கட்டுகிறான். இரண்டில் ஒன்றுதான் என்று முடிவு கட்டி, என்னென்ன கேட்டு அவர்களைக் கிழிக்கலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்தேன்.

விளக்கம் கேட்கும் கூட்டத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் டீம் லீட். இன்னொருவர் நான் அதுவரை பார்த்திராத ஹெச்.ஆர். மேடம். அவர் பின்னால் புத்தக அலமாரி மாதிரி ஒரு பொய்ப் படம்.

"இங்க பாரும்மா, உண்மையைச் சொல்லிட்டா எல்லாருக்கும் சுலபம். மவுஸை ஆட்டற மெஷின் ஏதாவது வாங்கியிருக்கியா?" என்றார் லீட்.

"இல்ல சார். உங்க சாஃப்ட்வேர் பொய் சொல்லுது."

"அது பொய் சொல்லாது."

"விளக்கையே அணைக்கத் தெரியாத கம்பெனி சார் இது. அது பொய் சொல்லாதுன்னு எப்படி நம்பறது?"

மேடம் திரையில் ஒரு படத்தைத் திறந்தார்.

என் மேசை. என் நாற்காலி. நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தயாராக, அம்மா. கண்கள் திரையின் மூலையை முறைத்துக்கொண்டிருந்தன. அடுப்பில் பால் வைத்தவள் முகம். வலது கை மவுஸின் மேல். புறங்கையில் ஒரு பிளாஸ்திரி.

முதலில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கையில் என்ன காயம், ஏன் என்னிடம் சொல்லவில்லை? அப்புறம்தான் உறைத்தது. அது கேமராவின் பிளாஸ்திரி. லேப்டாப்பைத் துடைப்பதற்காக எடுத்துத் தன் கையில் ஒட்டி வைத்திருக்கிறாள். துடைத்து முடித்து, மவுஸையும் தேய்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே ஒட்டியிருக்கிறாள். பென்சிலையும் ரப்பரையும் அப்படித்தான். அடுத்தவர் மேசையில் எதை எடுத்தாலும் எடுத்த மாதிரியே வைக்காவிட்டால் அவள் பிழைப்பு நடக்காது. நான் வைத்த பொறியை அம்மா தூசி தட்டி, திரும்ப நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

"இவங்க யாரு?" என்றார் மேடம்.

"எங்க அம்மா."

"வாடிக்கையாளர் விவரம் இருக்கற கம்ப்யூட்டரை வெளியாள் ஒருத்தர் பயன்படுத்தியிருக்காங்க. இது ரொம்ப சீரியஸ்."

"வெளியாளா? வீடு யாரோடது மேடம்? எங்க வீட்டுக்குள்ள உங்க கேமராதான் வெளியாள். மீட்டிங் இல்லாத நேரத்துல அது எதுக்குப் படம் எடுக்குது?"

"சேரும்போது நீங்க ஒப்புக்கொண்டதுதான்."

ஒப்புக்கொள்கிறேன் என்ற பொத்தானை நான் அமுக்கியது உண்மை. அதை அமுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. உலகத்தில் எவன் அதைப் படித்துவிட்டு அமுக்குகிறான்?

அதற்குள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, ஈரக் கையைத் துடைத்தபடி என் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"நான்தாம்மா தேச்சேன். மஞ்சளானா வேலை போயிடும்னு புள்ளை ஒரு நாள் சொல்லிட்டு இருந்துச்சு. அது சாப்பிடப் போறப்போ நான் அந்தச் சோப்புக்கட்டி மாதிரி இருக்கறதைக் கொஞ்சம் தேச்சுவிடுவேன். வேற எதையும் தொடல."

"அம்மா, நீங்க கேமரா முன்னாடி வரக் கூடாது" என்றார் மேடம்.

"ஏன், படம் எடுத்த அன்னைக்கு மட்டும் வரலாமா?"

லீட் இருமினார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ.

"எங்க பில்டிங்ல ஒருத்தி ஒதுங்கப் போனா, அவ வாளியை அடுத்தவ தள்ளிக்கிட்டுப் போவா. சூப்பர்வைசர் வந்தா ரெண்டு வாளியும் ஈரமா இருக்கும். யாரு வேலையும் கெட்டதில்ல, தரையும் அழுக்கா இருந்ததில்ல. நீங்க சாப்பிடப் போனா உங்களுதை யாரு பாத்துக்கறாங்க?" என்று அம்மா நிஜமாகவே கேட்டாள்.

மேடம் எதையோ தட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். லீடின் வலது தோள் மட்டும் லேசாக, விட்டு விட்டு, அசைந்துகொண்டிருந்தது. அவர் எதையும் படிக்கவில்லை, எழுதவில்லை. கண் அவ்வப்போது மூலைக்குப் போய் வந்தது. எனக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும்.

மேடம் ஒரு வாக்கியத்தை அனுப்பினார். 'வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்து, நான் வேலையில் இருப்பதாகப் பொய்யாகக் காட்டினேன்.' இதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். நிரந்தரமாவது கொஞ்சம் தள்ளிப்போகுமாம்.

"போட்டுடு கண்ணு. வெளியாள்னா வெளியாள். எனக்கென்ன குறைஞ்சுபோச்சு?" என்று அம்மா காதில் சொன்னாள்.

எனக்குக் குறைந்துபோகும் என்று தோன்றியது. "சாப்பிடப் போன நேரத்துல எங்கம்மா எனக்குத் தெரியாம மவுஸைத் தேச்சாங்கன்னு எழுதுங்க, போடறேன். ஏற்பாடு பண்ணேன்னு பொய் எழுதினா போட மாட்டேன். அப்புறம், எங்க வீட்டுக்குள்ள எடுத்த எல்லாப் படமும் எனக்கு வேணும். யார் யார் பாத்தாங்கன்னும் தெரியணும்."

"அது ரகசியம்" என்றார் மேடம்.

"என் வீடு எனக்கு ரகசியமா?"

திரை அணைந்தது. திரும்ப எரிந்தபோது பாஸ்வேர்டு கேட்டது. தட்டினேன். என்னைத் தெரியாது என்றது. புள்ளி பச்சையாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. அந்த இடமே காலியாக இருந்தது.

அம்மா வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "வேலை போச்சா?"

"போச்சு."

"என்னாலதானே?"

"இல்லம்மா. உன்னால ஒண்ணுமில்ல."

சொன்னது உண்மை. ஆனாலும் அன்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன். டீம் லீட். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"ஒண்ணு கேக்கணும்மா. அந்தப் படம் எல்லா லேப்டாப்லயும் எடுக்குதா, இல்ல உன்னோடதுல மட்டுமா?"

"என்னைக் கேக்கறீங்களே சார். படத்தைக் காட்டினவங்க பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதானே?"

"எனக்கே அப்பத்தான் தெரியும். எங்க வீட்ல லேப்டாப் படுக்கையறையிலதான் இருக்கு. இவ குழந்தைக்குப் பால் குடுக்கறதும் அங்கதான்..."

இவர் நடிக்கிறாரா, நிஜமாகவே பயப்படுகிறாரா என்று என்னால் முடிவு கட்ட முடியவில்லை. நான் வாயை விட வேண்டும் என்று மேடமே பேசச் சொல்லியிருக்கலாம்.

"சார், இந்த போன் உங்களுதா, கம்பெனி குடுத்ததா?"

அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் லேப்டாப்பைத் திரும்ப எடுத்துப் போக ஆள் வருவதற்கு முன், அம்மா ஈரத்துணியால் அதை ஒருமுறை துடைத்தாள். பிளாஸ்திரியைப் புறங்கையில் ஒட்டிக்கொண்டு துடைத்துவிட்டு, பழையபடி கேமராவின் மேல் அழுத்தினாள். அப்போதுதான் என்னிடம் பேச்செடுத்தாள்.

"அந்தப் படத்துல நான் எப்படிடி இருந்தேன்?"

"சண்டைக்குப் போறவ மாதிரி."

"தலை வாரியிருந்தேனா?"

"வாரியிருந்த."

"அப்போ சரி."

அந்தப் படத்தையாவது அனுப்புங்கள் என்று கம்பெனிக்கு என் போனிலிருந்து மெயில் எழுதினேன். பதில் உடனே வந்தது. 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து காத்திருக்கவும்.' எந்த வீட்டில் எவள் உட்கார்ந்து அதைத் தட்டினாளோ. அவள் மூலையில் புள்ளி பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்றாள் அம்மா.

"காத்திருக்கச் சொல்றாங்க."

"எதுக்கு, அவங்களுக்கு வேலை வெட்டி இல்லயா?" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போது இரண்டு கீலும் சத்தம் போட்டன. கடைசிப் படி வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த மெயிலைத் திரும்பத் திறந்து, காத்திருக்க முடியாது என்று எழுத ஆரம்பித்தேன்.