வெளிக்கிடுங்கோ

பயம் என்ற பொருளை இந்த நாட்டுக்குள் முதன்முதலாக இறக்கியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள்தான் என்றும், அது தேயிலைக் கன்றோடு ஒரே கப்பலில் வந்து ஒரே மலையில் நடப்பட்டது என்றும், ஆகவே தேயிலை முளைக்காத இடத்தில் மலையகத்தான் எதற்கும் பயப்படவேண்டிய அவசியமே கிடையாது என்றும் ஜெனுஷன் கினிகத்தேனை இறக்கத்தில் வைத்து அறிவித்தான். வேனில் இருந்தவர்களில் பாதிப்பேர் அப்போது வாந்திக்குப் பை தேடிக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் தலையாட்டினார்கள். கல்வியியற் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவன் சொன்னால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் வருடாந்த உல்லாசப் பயணம் அது. சங்கம் வருடம் முழுவதும் பந்தல் போட்டு, கதிரை பரப்பி, தேத்தண்ணி ஊற்றி ஆட்களை அனுப்பி வைக்கும். வருடத்தில் ஒரு தடவை மட்டும் உயிரோடு இருக்கிறவர்களை எங்காவது கூட்டிப்போகும். இந்த முறை திருகோணமலை. கடல், கோட்டை, கோயில், மீன் சந்தை எல்லாவற்றையும் அரை நாளில் சுற்றிக்காட்ட அங்கேயே ஒரு வழிகாட்டியைத் தலைவர் பொன்னையா பிடித்து வைத்திருந்தார்.

பெண்களில் பெரும்பாலானோர் கடலைக் கண்டதில்லை. சுனாமி அன்று டிவியில் பார்த்ததுதான் அவர்கள் பார்த்த கடல். அதனால் மாத்தளை தாண்டியதுமே கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. அலை வருமுன் சத்தம் கேட்குமா, ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவது, வேன் கதவு உள்ளேயிருந்து திறக்குமா. ஜெனுஷனின் அம்மா அந்தோனியம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்த சிநேகிதி பேச்சியம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள். பிடி எவ்வளவு இறுக்கம் என்றால், பேச்சியம்மா தம்புள்ளையில் இறங்கிக் கையை உதறிவிட்டு வந்து மற்றக் கையைக் கொடுத்தாள்.

வழிகாட்டியின் பெயர் பிரதாப். வெயிலில் வெந்த முகம், தொப்பி, கழுத்தில் விசில். காலையில் முதலாவதாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். அங்கேதான் ஜெனுஷனுக்கு மானம் போனது.

கொழுந்து பறிக்கிற மலையில் பனிமூட்டம் இறங்கினால் பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்கிற ஆளே தெரியாது. ஒருத்தி திசை தவறி நடந்தால் அடுத்த அடி பள்ளமாக இருக்கும். அதனால் மூட்டம் வந்ததும் யாராவது ஒருத்தி கையை வாயோரம் வைத்து, “கூ… ஓய்” என்று ஒரு குரல் விடுவாள். அடுத்த நிரைக்காரி பதில் கொடுப்பாள், அதற்கடுத்தவள் அவளுக்குக் கொடுப்பாள். கடைசி ஆள்வரைக்கும் குரல் போய்த் திரும்பினால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பறிக்கிற கையும் நிற்காது, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவும் குறை சொல்லமாட்டார்.

கடற்கரையில் பனி ஏது. ஆனால் சனம் இருந்தது, அலைச் சத்தம் இருந்தது, பயம் நிறையவே இருந்தது. காலை நனைத்த உடனே அந்தோனியம்மா அண்ணாந்து, “கூ… ஓய்” என்றாள். கரை நெடுக ஒவ்வொருத்தியாகப் பதில் கொடுத்தார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி போன் தூக்கிப் படம் பிடித்தது. பிரதாப் மிகுந்த மரியாதையோடு, இது என்ன பறவை என்று கேட்டான்.

ஜெனுஷன் வேனுக்குத் திரும்பியதும் அந்தக் குரலை நடித்துக் காட்டினான். முட்டையிட இடம் தேடும் கோழி, புகையிரதத்தைத் தவறவிட்ட கிழவன், பெயர் கூப்பிடுகிற காலைப் பெரட்டுக்குப் பிந்திய கங்காணி என்று மூன்று விதமாகக் கூவினான். வேன் குலுங்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

“இது டவுனும்மா,” என்றான் அவளிடம், குரலைத் தணித்து. “இங்க கூவாதீங்க. ஒங்கள இல்ல, என்னையத்தான் பாக்குறாங்க.”

“சரிப்பா. கூவல,” என்றாள் அந்தோனியம்மா.

அவளுடைய போனையும் அவனே வாங்கி வைத்துக்கொண்டான். கடலில் போட்டுவிடுவாளாம்.

அடுத்தது கோட்டை. கோட்டைக்குள் மான்கள் மாடுகளைப்போல் படுத்துக் கிடந்தன. அதைத் தாண்டி ஏறினால் உச்சியில் கோணேசர் கோயில். கோயிலுக்குப் பக்கத்தில் மலை திடீரென்று முடிந்து, கத்தியால் வெட்டினாற்போல நேரே கடலுக்குள் இறங்கியது. இராவணன் வாளால் வெட்டினது இது என்று பிரதாப் சொன்னான். முந்தின காலத்தில் ஓர் ஒல்லாந்துப் பெண் காதல் தோல்வியில் இங்கேயிருந்து குதித்த கதையும் இருக்கிறதென்றான். வேலிக் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்த பெண்கள் உடனே பின்வாங்கினார்கள். அவ்வளவு ஆழத்தில் அலை மோதுவது வெள்ளையாகத் தெரிந்தது, சத்தம் சற்றுப் பிந்தி வந்தது. அந்தோனியம்மா பார்க்கவேயில்லை. கம்பிக்குத் தூரமாக நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜெனுஷன் கம்பிமேல் சாய்ந்து நின்று ஒரு செல்பி எடுத்தான். இங்கே ஒரு தேயிலைச் செடியாவது இருக்கிறதா என்று பொன்னையாவிடம் கேட்டான். இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

கும்பிட்டு முடிந்து, கடைத்தெருவில் வளையல் பார்த்து முடிந்து, வேன் நிற்கிற இடத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்தபோது பிரதாப் விசிலை ஊதினான். மீன் சந்தை கலைவதற்குள் போகவேண்டும் என்று அவனுக்கு அவசரம்.

“சரி, எல்லாரும் கெதியா வெளிக்கிடுங்கோ,” என்றான்.

யாரும் அசையவில்லை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பேச்சியம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பொன்னையா மெதுவாக ஜெனுஷனை நெருங்கி, இவன் என்ன தம்பி பொம்பளைங்களை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறான் என்று கேட்டார்.

ஜெனுஷனுக்கும் அந்தச் சொல் புதிது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. தோட்டத்தில் வெளிக்குப் போவதென்றால் ஒரே ஓர் அர்த்தம்தான். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்தவன் தோரணையில் சபைக்கு விளக்கினான். “இனி வழியில நிப்பாட்ட மாட்டாங்களாம். யாராச்சும் வெளிக்குப் போறதுன்னா இப்பவே போயிட்டு வந்துரணும். சுகாதாரமான ஆளு, வெளிப்படையா சொல்றாரு.”

சங்கம் கலைந்தது. பிரதாப் விசிலும் கையுமாக நின்று, தான் புறப்படச் சொன்னதும் இந்தச் சனம் ஏன் நான்கு திசையிலும் ஓடுகிறது என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரவர எல்லோரையும் வேனில் ஏற்றினார்கள். பேச்சியம்மா வந்தாள். கடைசியாக வந்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு ஜன்னலோர இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அதில் ஒரு ஜெபமாலை கிடந்தது.

அம்மா வளையல் கடையில் நிற்பாள் என்றான் ஜெனுஷன். போய்ப் பார்த்தான், இல்லை. கோயில் வாசலில் இல்லை. கழிப்பறைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நீள வரிசை, அதிலும் இல்லை. அவளுடைய நம்பருக்கு அடித்தான். அவனுடைய காற்சட்டைப் பையில் மணி அடித்தது.

“அக்கா, அம்மா ஒங்ககூடத்தானே வந்தாங்க?” என்று பேச்சியம்மாவிடம் கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“வரிசை நீளமா இருக்குன்னா. இந்தச் சனத்துக்கு மத்தியில நிக்க வெக்கமா இருக்கு, நான் அப்பிடியே கீழ எறங்கிப் போயிட்டு வாறேன்னா.”

“கீழன்னா?”

“அந்தா, பத்தை இருக்குல்ல. மலையில போற மாதிரிதான்.”

தோட்டத்து மலையில் கழிப்பறை கிடையாது. பெண்கள் நிரையை விட்டு இறங்கி, மேலே நிற்கிறவர் கண்ணுக்குப் படாதபடி சரிவில் கீழே, இன்னும் கீழே போவார்கள். அந்தோனியம்மா கொழுந்துக் கூடையை முதுகில் போட்ட நாளிலிருந்து அப்படித்தான். பேச்சியம்மா காட்டிய புதர்ப் பத்தையை ஜெனுஷன் பார்த்தான். வேலி முடிகிற இடத்தில், பாதைக்கு அப்பால், பச்சைப் பசேலென்று இருந்தது.

பிரதாப்பும் பார்த்தான். அவன் தொப்பியைக் கழற்றினான்.

“அங்காலயோ போனவ?” என்றான். “தம்பி, அங்கால ஒண்டும் இல்லை.”

ஒன்றும் இல்லை. கல்லில்லை, மண்ணில்லை, வேலியில்லை. பொன்னையா அவன் தோளைப் பிடித்து, ஆள் கூப்பிடுவோம், அவசரப்படாதே என்றார். பிரதாப் யாரையோ கூப்பிட ஓடினான். ஜெனுஷன் வேலியைச் சுற்றிக்கொண்டு பத்தைக்குள் இறங்கிவிட்டான்.

உள்ளே ஆட்டுத்தடம்போல் ஒரு வழி இருந்தது. சரிவு செங்குத்தாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் சரளைக்கல் உருண்டு முன்னால் போனது. உருண்ட சத்தம் சிறிது தூரத்தில் சட்டென்று நின்றது. விழுந்த சத்தம் வரவில்லை. அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே நகர்ந்தான். ஈரக் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

அப்போதுதான் கவனித்தான். இரண்டு பக்கமும் இருந்த செடிகளின் இளந்தளிர்கள் கிள்ளப்பட்டிருந்தன. என்ன செடி என்று அவனுக்கே தெரியாது. ஆனால் கிள்ளு புதிது, காம்பில் பால் கசிந்துகொண்டிருந்தது. அம்மாவின் விரல் எந்தச் செடியைக் கடந்தாலும் சும்மா இருக்காது. கோயில் குரோட்டனைக்கூட விடமாட்டாள். அவன் அந்தத் தளிர்களைப் பார்த்துப் பார்த்து இறங்கினான். ஒரு செடி, அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு ஒரு செடி. அதற்கப்பால் செடி இல்லை. வானம் இருந்தது.

“அம்மா!”

காற்று அந்தச் சத்தத்தை எடுத்து அவனுடைய காதிலேயே திருப்பி அடித்தது. மறுபடியும் கத்தினான். மேலே கோயில் ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ தேடினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்மாளமிட்டார்கள். கீழே அலை, சற்றுப் பிந்தின சத்தத்தோடு. அந்த இடைவெளியில் என்ன விழுந்தாலும் கேட்காது என்று அவன் மூளை அவனுக்கு எடுத்துச் சொன்னது. கண்ணை மூடி வேரொன்றைப் பிடித்துக்கொண்டான். கை வியர்வையில் வழுக்கியது. சுருக்கமாகச் சொன்னால், தேயிலை இல்லாத இடத்தில் அவன் பயந்திருந்தான். அவன் பிறந்ததிலிருந்து இப்படிப் பயந்ததில்லை.

கையை வாயோரம் கொண்டுபோனான். “கூ…” என்றான். வண்டிச் சில்லு கிறீச்சிட்டதுபோல் வந்தது. வேனில் நடித்தபோது நன்றாக வந்தது, இப்போது வரவில்லை. நாடியைத் தூக்கி, வயிற்றிலிருந்து, கத்தாமல், அம்மா விடுகிறதைப்போல விட்டான்.

“கூ… ஓய்.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடப்பக்கம், அவன் நினைத்ததற்கு மிக அருகில், மிகச் சின்னதாக, “ஓய்.”

பாறை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன் மறுபக்கம், பாயளவு மண்திட்டில், அந்தோனியம்மா பாறையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். கண் இறுக மூடியிருந்தது. செடியை விலக்கியதும் கடல் தெரிந்திருக்கிறது. அதற்குப்பிறகு ஏறவும் கால் வரவில்லை, இறங்கவும் வழியில்லை.

“ஏம்மா கூப்பிடல? ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?”

“நீதானேப்பா கூவாதன்னு சொன்ன.”

அவன் பாறையைச் சுற்றிக் காலை வைக்க இடம் பார்த்தான்.

“நான் கத்துனது கேக்கலியா?”

“அம்மா அம்மான்னு எத்தனையோ புள்ளைங்க கத்துது,” என்றாள் கண்ணைத் திறக்காமலே. “நம்ம ஆளுன்னு எப்பிடித் தெரியும்?”

அவன் கையை நீட்டினான். அவள் ஒவ்வொரு விரலாகப் பாறையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பேச்சியம்மா வேனில் எதற்காக முழங்கையை மாற்றிக் கொடுத்தாள் என்று அவனுக்கு அப்போது விளங்கியது. கீழே பார்க்கவேண்டாம் என்றான் அவளிடம். தனக்கும் சேர்த்துத்தான் சொன்னான். நீ ஏன்டா நடுங்குகிறாய் என்று அவள் கேட்டதற்குக் காற்று என்றான். பாதி வழியில் பிரதாப்பும் இன்னும் இரண்டு பேரும் கயிறோடு வந்து, இருவரையும் மேலே இழுத்துக்கொண்டார்கள்.

பேச்சியம்மா ஓடிவந்து, முதலில் சிநேகிதியின் முதுகில் ஒன்று போட்டாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். பொன்னையா வேலிக் கம்பியோரம் உட்கார்ந்தார். தலைப்பாகைத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“பந்தல் கம்பி, கதிரை எல்லாம் தோட்டத்துலதான் கெடக்கு,” என்றார் கடைசியில். “இங்க ஒண்ணு ஆயிருந்தா நான் எங்க போவேன் சொல்லு.”

எல்லோரும் வேனில் ஏறியதும் பிரதாப் திரும்பவும் விசிலை எடுத்தான். இந்தத் தடவை ஊதவில்லை. “வெளிக்கிடுவமோ?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். வேன் முழுக்க ஜெனுஷனைப் பார்த்தது.

“கெளம்பச் சொல்றாரு,” என்றான் ஜெனுஷன், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

மீன் சந்தை இன்னும் கலைந்திருக்கவில்லை. சனநெரிசல், ஐஸ் தண்ணி, கத்தி, ஏலம் கூறுகிற சத்தம். பெண்கள் இப்போது பயத்தை மறந்து கருவாட்டை முகர்ந்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெனுஷன் எல்லோருக்கும் பின்னால் வந்தான். அம்மாவின் ஊதாச் சேலை முன்னால் தெரிந்தது. ஒரு வண்டில் குறுக்கே வந்தது. வண்டில் போனபிறகு பார்த்தால் ஊதாச் சேலை இல்லை.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அறுக்குளா மீனை வெட்டிக்கொண்டிருந்தவன் அவனைக் கவனிக்கவில்லை. இருமப்போகிறவன்போலக் கையை வாயோரம் வைத்து, மெல்ல, “கூ… ஓய்” என்றான்.

பதில் வரவில்லை. அவன் நாடியைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் பலமாக விட்டான்.