நாலு மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடம்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸப்னா நாச்சியாவுக்கு ரெலிபோன் எடுத்தாள். அதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. சுனாமி வீட்டுத்திட்டத்தின் கீழ்ப்படியில், மடியில் கொப்பியும் கையில் கைபேசியுமாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாடியில், மொட்டைமாடித் தட்டுக்கு நேர் கீழே இருந்த வீட்டில் மணியடித்தது. நாச்சியா எடுத்து ஒரு நிமிடமாவது கதைக்க வேண்டும். குரல் எவ்வளவு தெளிவு என்று கேட்டு, ஐந்துக்கு ஒரு புள்ளி போட்டு, நேரத்தையும் ஸப்னா எழுத வேண்டும்.

"பத்து நாப்பது, மாமி. என்ட குரல் எப்பிடிக் கேக்குது?"

"பக்கத்தில குந்திக் கதைக்கிற மாதிரி இரிக்கி. அஞ்சுக்கு அஞ்சு போடு மகள்."

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டா கொழும்பில நம்ப மாட்டாங்க."

"அப்ப நாலரை போடு. விடிய என்ன திண்டாய்?"

"பாணும் சம்பலும்."

"சம்பல் அரைச்சியா? பொய். வெறும் பாணத் தேத்தண்ணியில தோச்சுத் திண்டிருப்பாய். குரல்ல தெரியுது."

ஸப்னா சிரித்துவிட்டாள். அதற்குக் கொப்பியில் கட்டம் இல்லை.

பத்து ஐம்பதுக்கு எடுத்தபோது மணியே அடிக்கவில்லை. ஒன்பதுக்குத்தான் மேலே ரெலிபோன் பெட்டியின் பிளக்கைக் கழற்றியிருந்தாள். ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம். இந்த வீட்டில் இது மூன்றாவது சோதனை. மூன்று தடவையும் அதே கணக்குத்தான்.

இந்தக் கரையில் பழைய செப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, ரெலிபோன், இன்டர்நெற், டிவி மூன்றையும் ஒரே கண்ணாடி இழையில் கொண்டுவரப் போகிறார்கள். செப்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் போனாலும் ரெலிபோன் வேலைசெய்யும். புதிய பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். அது போனால் பெட்டிக்குள் இருக்கிற சின்னப் பட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று கொழும்பில் ஒரு குழு தரநியமம் எழுதிக்கொண்டிருந்தது. வரைவில் நாலு மணித்தியாலம். அதைச் சோதித்துப் பார்க்கக் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் எட்டு வீடுகள். அளவெடுக்க மூன்று மாத ஒப்பந்தத்தில் ஸப்னா.

சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு அவளுக்குச் சாய்ந்தமருதில் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான் இல்லை. கட்டாருக்குப் போய் ஐந்து வருடம்; முதலில் காசு நின்றது, பிறகு குரல் நின்றது. வேலை கிடைக்கும்வரை அந்த வீட்டுக்குள் அவள் வாய் திறந்து ஒரு சொல் சொல்லாத நாட்களும் இருந்தன. நாச்சியாவுக்கு ஒரே மகன். புத்தளத்தில் பெண் எடுத்து அங்கேயே இருந்துவிட்டான், வெள்ளிக்கிழமைகளில் கதைப்பான். நாச்சியாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. கைபேசிக் கண்ணாடியில் தடவினால் ஒன்றும் பிடிபடாது. ரெலிபோனின் எண் கட்டைகளோ விரலுக்கு மனப்பாடம். மூச்சு இழுப்பு வந்தால் ஆட்டோக்காரனைக் கூப்பிட அந்தக் கட்டைகள்தான் இருந்தன. பக்கத்து வீட்டு முஸ்பிறா விடிந்தால் கார்மென்ட்ஸுக்குப் போய்விடுவாள்.

மாதக் கடைசிக் கூட்டம் காணொளியில் நடந்தது. ஸப்னா தலையில் சால்வையைச் சரிசெய்துகொண்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தாள். ஆங்கிலத்தில் கதைத்தார்கள்; இடையிடையே சிங்களத்தில் சிரித்தார்கள். திரையில் ஒரு அட்டவணை வந்தது. ஏழு வரிகள் பச்சை, எட்டாவது, நாச்சியாவின் வீடு, சிவப்பு. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பவிதரன் சேர் ரெலிபோன் எடுத்தார். அவர்தான் இந்தப் பகுதிக்குப் பொறுப்பான எஞ்சினியர், காரைதீவு ஆள், கோபிக்கத் தெரியாதவர்.

"நீங்க எடுத்த அளவு பிழை எண்டு ஒருத்தரும் சொல்லல்ல, ஸப்னா. ஆனா அந்த வீட்டுக்குள்ள முப்பத்தாறு பாகை. சோதனை இருபத்தஞ்சு பாகையில எண்டுதான் எழுதிக் கிடக்கு."

"அந்த வீடு அவ்வளவு சூடு தானே, சேர்."

"ஓம். அதால பெட்டியக் கழற்றிக் கொண்டுவந்து எங்கட ஒபிஸ் ஏசி ரூமில வச்சு ஒருக்கா எடுங்க."

"கரண்ட் இல்லாத நேரத்துக்குத்தானே சேர் பட்டரி? கரண்ட் இல்லாட்டி ஏசி எப்பிடி ஓடும்?"



"கேள்வி சரி. ஆனா கட்டத்துக்க அதுக்கு இடமில்ல. எட்டும் பச்சையா வந்தாத்தான் இந்த வேலை முடியும். அடுத்தது திருக்கோவில். உங்கட பேரத்தான் குடுத்திருக்கன். ஒரு வருஷம்."

ஒரு வருடம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் ஏட்டில் எழுதுகிறவளுக்கும் உலை வைக்க வேண்டியிருக்கிறது. ஸப்னா பெட்டியைக் கழற்றி, நாச்சியாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுபோனாள்.

ஏசி அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. இருபத்தைந்து பாகைக்குக் குளிரை வைத்து, பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்துக் கைபேசியில் எடுத்தாள். மேசையில் இருந்த ரெலிபோன் மணியடித்தது. அதை எடுக்க யாரும் இல்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு காதில் கைபேசியும் மறுகாதில் ரிசீவருமாக உட்கார்ந்தாள்.

"எப்பிடிக் கேக்குது?" என்றாள்.

ஒரு காதில் சொன்னது மறுகாதில் வந்தது. விடிய என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் முடியும்வரை தன் மூச்சைத் தானே கேட்டுவிட்டு, ஐந்துக்கு ஐந்து போட்டாள். இப்படி இருபத்தைந்து தடவை. கடைசியில் நேரம் நாலு மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடம். கையெழுத்து வைத்தபோது விரல் விறைத்திருந்தது.

மூன்று மாதத்தில் தரநியமம் வெளிவந்தது. செப்புக் கம்பியைக் கழற்ற வந்தவர்கள் அதை வட்டம் வட்டமாகச் சுற்றி லொறியில் ஏற்றினார்கள். எட்டு வீட்டுப் பெட்டிகளிலும் ஒட்ட வேண்டிய வெள்ளி நிற ஸ்டிக்கர்கள் ஸப்னாவிடம் வந்தன. நாச்சியாவின் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனாள்.

நாச்சியா ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என்ன மகள் எழுதியிரிக்கி? வாசி."

எழுதியிருப்பதைத்தானே வாசிக்கச் சொல்கிறாள் என்று ஸப்னா நினைத்துக்கொண்டாள்.

"கரண்ட் போனாலும் நாலு மணித்தியாலம் கதைக்கலாம் எண்டு எழுதியிரிக்கி மாமி."

"அல்ஹம்துலில்லாஹ். முந்தி ரெண்டுகூட நிக்கல்லையே. நீ சொல்லித்தான் கூட்டியிருக்காங்க, என்ன?"

ஸப்னா சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். "இது பொய், மாமி" என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்?

திருக்கோவிலில் வேலை தொடங்கி இரண்டாவது வாரம், சனிக்கிழமை, கல்முனையில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் வெட்டு என்று அறிவித்தார்கள். ஒன்பது பத்துக்கே ஸப்னாவின் கை நாச்சியாவின் இலக்கத்தை அழுத்தியது. யாரும் கேட்காத அளவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தாள்.

பத்து நாற்பதுக்கு நாச்சியாவின் மூச்சில் விசில் சத்தம் கேட்டது.

"மாமி, இழுக்குதா?"

"கொஞ்சந்தான். புழுக்கத்துக்கு அப்பிடித்தான். வைக்காத மகள், கதைச்சா லேசா இரிக்கி." இந்த முறை வைக்காமல் ஒன்பது நிமிடம் கதைத்தார்கள். "ஒண்டு கேக்கன், கோவிக்காத. உன்ட மாப்பிள்ள அங்க வேற கலியாணம் முடிச்சிட்டார் எண்டு முஸ்பிறா சொன்னாள். மெய்யா?"

இதுவரை யாரும் ஸப்னாவை நேராகக் கேட்டதில்லை. வாயைத் திறக்க அவளுக்கு நேரம் பிடித்தது. "ஓம் மாமி" என்று சொன்னபோது மறுபக்கம் லைன் செத்திருந்தது. மணி பத்து ஐம்பது.

மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள். ஆட்டோக்காரனின் இலக்கம் அவளிடம் இல்லை. பிறகு திருக்கோவில் வீட்டில் செய்துகொண்டிருந்த சோதனையைப் பாதியில் விட்டு, வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள். அக்கரைப்பற்றில் பஸ் மாற இருபது நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அந்த இருபது நிமிடமும் அவளுக்கு அந்த விசில் சத்தமே காதில் கேட்டது.

வீட்டுத்திட்டத்துப் படிகளை ஏறும்போது மணி பன்னிரண்டரை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நாச்சியாவின் குரல். அல்லாஹ்வே, இருக்கிறா என்று ஸப்னா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நாச்சியா பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். மூச்சு வாங்கி நெஞ்சு ஏறி இறங்கியது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இனிக் கேக்க மாட்டன் மகள்... வயசுபோன மனிசி, வாய் நீண்டுட்டு... எவ்வளவு நேரமா மன்னிப்புக் கேக்கன்... இன்னம் நாலு மணித்தியாலம் முடியல்லையே, ஒண்டாவது சொல்லன்... அந்த ஆட்டோக்காரனுக்காவது ஒருக்காச் சொல்லிவிடு..."

ஸப்னாவின் செருப்பு வாசற்படியில் உரசியது. நாச்சியா ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வெள்ளை விழுந்த கண்களைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

"யாரு அது?" என்றாள், மூச்சுக்கிடையில். "சத்தம் போடாதீங்க. புள்ள லைன்ல இரிக்கி."