ஒரு பொட்டளவு கறள்

கடல் கடந்து குடிவந்த டூங்கபியில் மகேந்திரராஜாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தங்கமான மனுசன், ஆனால் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் சொன்ன நாளில் மட்டும் கைக்கு வராது. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி என்றால் ஒரு நாளைக்குத் திட்டித் தீர்த்துவிடலாம். இவர் வேலையைச் செய்து முடித்துவிட்டு, அதில் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு கீறலைக் கண்டுபிடித்து, திரும்ப முதலிலிருந்து தொடங்குகிற ஆள். கிரான்வில்லில் உலோகங்களுக்கு மெருகேற்றும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே இந்தக் குணத்துக்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். வீட்டில் சிவனேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு செப்டெம்பரில் பக்கத்து வீட்டு ஜாக் ஹான்லி ஒரு பழைய துவக்கைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வேலிப் பக்கம் வந்தார். நடக்கும்போதே மூச்சு வாங்கியது. நுரையீரலில் புற்றுநோய். டாக்குத்தர்மார் கையை விரித்து, வீட்டுக்குப் போய் மனைவியோடு இரும் என்று அனுப்பியிருந்தார்கள்.

"சுடாது ராஜ், பயப்படாதை," என்றார். மகேந்திரராஜா என்ற முழுப் பெயர் அவர் வாயில் நுழையாது. "குழலை அடைச்சு, உள்ளுக்கை ஒட்டி, பொலிசிலை பேப்பரும் இருக்கு. இப்ப இது வெறும் இரும்புத் தடி. ஆனால் பார், என்ன கோலம்."

கோலம்தான். உலக யுத்தம் முடிந்தபின் இராணுவம் ஏலத்தில் விற்ற பழைய முந்நூற்று மூன்று ரகத் துவக்கு. ஒழுகுகிற ஷெட்டில் கிடந்து கிடந்து துருவேறி, மேலிருந்து கீழ்வரை செங்கறள்.

"என்ர தம்பி பில்லியை நியூகினியிலை நான்தான் புதைச்சனான்," என்றார் ஜாக். "சிலுவை செய்யப் பலகை இல்லை. அவன்ர துவக்கையே தலைமாட்டிலை குத்தி நட்டுப்போட்டு நடந்தனாங்கள். மழையெண்டால் அப்பிடி ஒரு மழை. அது அங்கை நிண்டு கறள் பிடிச்சிருக்குமெண்டு முப்பத்தஞ்சு வருசமாய் யோசிக்கிறன். இது அவன்ரை இல்லை, அதே மாதிரி ஒண்டு. எண்டாலும் போறதுக்கு முதல் ஒருக்கா கறளில்லாமல் கையிலை பிடிச்சுப் பாக்க வேணும் ராஜ்."

தம்பி என்ற சொல்லைக் கேட்டதும் மகேந்திரராஜா துவக்கைப் போர்வையோடு வாங்கிக்கொண்டார். செய்து தருகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அவருக்கும் ஒரு தம்பி இருந்தான், விக்னராஜா. எழுபத்தேழு ஜூனில் அவனை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பத்திரம் நிரப்பினார். பிறந்த திகதியில் ஒரு இலக்கம் பிழைத்துவிட்டது. வேறு யாராவது என்றால் வெட்டிவிட்டுத் திருத்தி, பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார்கள். இவர் புதுப் பத்திரம் கேட்டு எழுதினார். அது வந்து சேர ஐந்து கிழமை. ஓகஸ்டில் ஊரில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. விக்னராஜா வேலை பார்த்த ஊரிலிருந்து புறப்பட்டவன், யாழ்ப்பாணம் போய்ச் சேரவேயில்லை. பத்திரம் உடனே போயிருந்தாலும் ஓகஸ்டுக்குள் விசா வந்திராது என்று சிவனேஸ்வரி நூறு தரம் சொல்லிவிட்டாள். அவள் சொன்ன கணக்குச் சரிதான். மனசு கேட்க வேண்டுமே!

இப்போது தம்பியின் மனைவி சந்திரவதனாவுக்கும் பிள்ளைக்குமான பத்திரம் மேசை லாச்சியில் கிடக்கிறது. கையால் எழுதினால் வடிவில்லையாம். நண்பர் கணேசலிங்கத்தாரின் தட்டச்சு இயந்திரம் திருத்தப் போயிருக்கிறது, அது வரட்டும் என்று இரண்டு மாதமாய்க் காத்திருக்கிறார். திருந்தாத ஜென்மம்.

கராஜில் வேலை தொடங்கியது. மரப்பாகத்தைக் கழற்றிப் புறம்பாக வைத்துவிட்டு, எமரித்தாளால் கறளை உரசி எடுத்தார். தொழிற்சாலையில் உப்புக் கொதிகலனில் அமிழ்த்தினால் அரைமணியில் கறுத்துவிடும். ஆனால் அந்தக் காலத்துத் துவக்குக்கு அந்தக் காலத்து முறைதான் பொருந்தும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மருந்து பூசி, மெல்லியதாய்க் கறள் பிடிக்க விட்டு, பிறகு கொதிநீரில் போட்டு அவிக்க வேண்டும். சிவந்த கறள் கறுப்பாய் மாறும். இரும்பு நாரால் மெதுவாக உரஞ்சிவிட்டுத் திரும்பவும் மருந்து. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் முடியும். வேலையால் வந்து தேத்தண்ணியையும் குடிக்காமல் கராஜுக்குள் போய்விடுவார்.

எட்டாவது அவியலில் இரும்பு ஆழ்ந்த கறுப்புக்கு வந்தது. அன்று திங்கட்கிழமை. எண்ணெய் பூசி மரத்தில் பூட்டினால் வேலை முடிந்தது, அரைமணி நேரப் பாடு. அதற்குள் மறுநாள் ஆயுத பூசை என்று சாமி அறையில் வெள்ளை வேட்டி விரித்துவிட்டார்.

போன வருசம் தம்பி செத்த துக்கத்தில் வீட்டில் ஒரு பண்டிகையும் இல்லை. முதலாண்டு ஆட்டைத் திவசம் முடிந்து வருகிற முதல் பூசை இது. அரம், சுத்தியல், குறடு எல்லாம் துடைத்து வரிசையாக வைத்தார். ஓரத்தில் அந்தத் துவக்கின் இரும்பையும் கிடத்தினார்.

"சரஸ்வதிக்கு முன்னாலை துவக்கோ? உங்களுக்கென்ன விசரே?" என்றாள் சிவனேஸ்வரி.

"ஆயுத பூசையிலை ஆயுதம் வைக்காமல் பின்னை அகப்பையே வைக்கிறது?" என்றார். கனநாளைக்குப் பிறகு மனுசனின் வாயில் ஒரு பகிடி வந்ததே என்று அவளும் விட்டுவிட்டாள்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். அரத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். சுத்தியலுக்குச் சந்தனம், குங்குமம். கை பழக்கத்தில் போய்க்கொண்டேயிருந்தது. கடைசியாக, எண்ணெய் காணாத அந்தப் புதுக் கறுப்பிலும் ஈரச் சந்தனத்தைக் குழைத்து வைத்துவிட்டது. முப்பது வருசம் இரும்போடு கிடந்த மனுசனுக்கு அது ஒரு கணம்கூட உறைக்கவில்லை.

செவ்வாய் காலை ஜாக்கின் மனைவி டொரீன் வேலியருகே நின்று கூப்பிட்டாள். "ராஜ், முடிஞ்சுதோ? விடியத் தொடக்கம் கேக்கிறார்."

"நாளைக்கு," என்றார். "நாளைக்குக் காலமை கட்டாயம்."

உள்ளே வந்ததும் சிவனேஸ்வரி பிடித்துக்கொண்டாள். "இஞ்சேருங்கோ, எடுத்துக் குடுங்கோவன். சாகக்கிடக்கிற மனுசன். சாமி ஒண்டும் கோவியாது."

"பூசையிலை வைச்சதை இடையிலை எடுக்கிறதே? ஒரு வருசம் எல்லாத்தையும் விட்டுப்போட்டு இருந்தனாங்கள். இந்தமுறை ஒழுங்காய்ச் செய்வம்." குரல் உடைந்துவிட்டது.

விஜயதசமி காலை தேவாரம் பாடி, தீபம் காட்டி, ஆயுதங்களை எடுத்தார். துவக்கின் பொட்டை ஈரத்துணியால் துடைத்தார். கறுப்புக்கு நடுவே ஐந்து சத நாணயக் குற்றியளவில் ஒரு செவ்வட்டம். கறள். விரலால் தடவினால் சொரசொரவென்று உள்ளே இறங்கியிருந்தது.

"இவ்வளவுதானே?" என்றாள் சிவனேஸ்வரி எட்டிப் பார்த்து. "ஒரு பொட்டளவு. எண்ணெய் பூசிக் கொண்டுபோய்க் குடுங்கோ."

"இதையோ? கறள் இல்லாமல் பிடிக்க வேணுமெண்டு கேட்ட மனுசனுக்கு, என்ர கையாலை வைச்ச கறளோடை குடுக்கிறதோ?"

"ஐயோ, உங்களோடை மாரடிக்க என்னாலை ஏலாது!"

பொட்டை மட்டும் உரசினால் நிறம் ஒட்டாது. அந்தப் பகுதி முழுவதையும் வெள்ளையிரும்பு தெரிய உரசி, திரும்ப அடுக்கடுக்காய்க் கொண்டுவர வேண்டும். சின்ன இடம், நாலு அவியல் போதும், சனிக்கிழமைக்கு முடித்துவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். டொரீனிடம் போய்ச் சொல்ல வெட்கம். நாளைக்கு என்று சொன்ன வாயால் சனிக்கிழமை என்று எப்படிச் சொல்வது? சிவனேஸ்வரியை அனுப்பிச் சொல்வித்தார். வேலியின் பக்கமே முகத்தைக் காட்டாமல் பின்வழியால் வேலைக்குப் போய் வந்தார். வெறுங்கையோடு ஒரு எட்டுப் போய் அந்த மனுசனின் பக்கத்தில் ஐந்து நிமிசம் இருந்திருக்கலாம். போகவில்லை. முழுசாய்க் கையில் கொண்டுதான் போவேன் என்று ஒரு வீறாப்பு.

வெள்ளி பின்னேரம் வேலையால் வந்து கேற்றைத் திறக்க, சிவனேஸ்வரி வாசலிலேயே நின்றாள். பக்கத்து வீட்டின் முன்னால் இரண்டு கார்கள்.

"எத்தினை மணிக்கு?" என்றார்.

"ரெண்டரைக்கு."

கராஜுக்குள் போனார். துவக்கு மேசையில் கிடந்தது, பாதி கறுப்பும் பாதி செம்மையுமாய். முக்காலியில் இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தைப்பிள்ளை போல விம்மி அழுதார். ஜாக்குக்காகத்தான் அழத் தொடங்கினார். நடுவில் விக்னராஜா வந்துவிட்டான். போன வருசம் தந்தி வந்தபோது அழாத அழுகையெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. சிவனேஸ்வரி கதவடியில் நின்றாளே தவிர, உள்ளே வரவில்லை.

இருந்தும் வேலையை முடித்தார். சனியும் ஞாயிறும் அவித்து, உரஞ்சி, எண்ணெய் பூசி, மரத்தில் பூட்டினார். திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு டொரீனிடம் கொண்டுபோனார். செவ்வாய்க்கிழமை சவ அடக்கம். பொட்டு இருந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணமுடியாது.

டொரீன் குசினி மேசையில் துவக்கை வைத்து நெடுநேரம் பார்த்தாள். "வடிவாய் இருக்கு ராஜ். அவர் வாங்கிவந்த அண்டைக்குக்கூட இப்பிடி இருக்கேல்லை."

"ஒரு கறள் பொட்டு விழுந்திட்டுது," என்றார் மகேந்திரராஜா. எல்லாவற்றையும் சொன்னார். பூசையை, சந்தனத்தை, நாளைக்கு என்று சொன்னதை, வெட்கப்பட்டு ஒளித்துத் திரிந்ததை. "அதை எடுக்கத்தான் பிந்தினது. அந்தப் பொட்டோடை அவருக்குக் காட்ட மனம் வரேல்லை."

டொரீன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"திங்கள் இரவே அவருக்குக் கண் தெரியாமல் போட்டுது ராஜ்," என்றாள். "அவர் அதைக் கண்டிருக்கவே மாட்டார்."

மகேந்திரராஜா பொட்டு இருந்த இடத்தை விரலால் தடவினார்.

"செவ்வாய்க்கிழமை தொடக்கம் இப்பிடித்தான் கிடந்தவர்," என்று டொரீன் இரண்டு கைகளையும் மேசைமேல் மல்லாக்காக, ஒரு முழ இடைவெளி விட்டு வைத்துக் காட்டினாள். "ராஜ் வாறானோ, வாறானோ எண்டு. நாங்கள் கையை எடுத்துப் போர்வைக்குள்ளை விடுவம். திரும்ப எடுத்து வைப்பார்."

மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டொரீன் எழுந்து வந்து அவருடைய தோளில் கையை வைத்தாள். செத்த வீட்டுக்காரி இவரைத் தேற்ற வேண்டிய நிலைமை.

வீட்டுக்கு வந்தவர் செருப்பையும் கழற்றாமல் போய் மேசை லாச்சியை இழுத்தார். சந்திரவதனாவின் பத்திரத்தை எடுத்து, பேனையைத் திறந்து, எழுதத் தொடங்கினார். எழுத்து மேலும் கீழும் போனது. பிள்ளையின் பிறந்த வருசத்தில் ஒரு இலக்கம் பிழைத்தது. வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைத்தார். துவக்கு எண்ணெய் ஊறிய பெருவிரல் கடைசிப் பக்கத்தில் கறுப்பாய்ப் பதிந்துவிட்டது.

சிவனேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். பதினாறு வருசப் பழக்கம், அவளே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, ஊத்தையாப் போச்சு. வேறை பத்திரம் எடுப்பிப்பமே?"

"வேண்டாம்," என்றார். "இப்பிடியே போகட்டும்."

கடித உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். மணி நாலே முக்கால். ஐந்துக்குத் தபால் கந்தோர் பூட்டிவிடுவார்கள். நாளைக்குப் போடலாம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஐம்பதைத் தொடப்போகிற அந்த மனுசன், ஸ்டேசன் பக்கத் தெருவில் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினார்.